பேராசிரியரின் ஆய்விலிருந்து பாதியில் விலகலாமா?

தம்பி, பேராசிரியர் நடத்தும் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதித்துவிட்டு, இப்போது விலகினால் இன்டர்னல் மார்க்கில் கைவைப்பாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விலகலாம். காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை.

நானும் மாணவனாக ஒரு சர்க்கரை ஆய்வுக்குப் போனவன். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கரைசல். தொண்டையில் பிசுபிசுவென்று நின்றது. அப்புறம் அரை மணிக்கொரு முறை ரத்தம். மூன்றாம் தடவை தலை சுற்றியது, பயத்தில் வாயே திறக்கவில்லை. அது தப்பு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள், ஆசிரியருக்குக் கட்டுப்பட்ட மாணவர்களைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுபவர்களாகவே பார்க்கின்றன. உங்களுக்குக் கொடுத்த தகவல் தாளை எடுத்துப் பாருங்கள், ஆய்வுகளுக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். பேராசிரியரிடம் பேசத் தயக்கமென்றால் நேரே அங்கே பேசுங்கள். தாளே தரவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.