வலியில்லா ஊசியா, சாதா ஊசியா? பாலக்கோட்டுத் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்க கேட்டது இதுதானே: பாப்பாவுக்கு அஞ்சு வாரம், இன்னும் ரெண்டு மாசத்துல இங்கிலாந்துல நான் இருக்கற லெஸ்டர் வரீங்க. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி வராம இருக்கப் போடற தடுப்பூசிக்கும், வயித்துப்போக்கைத் தடுக்கற ரோட்டா சொட்டு மருந்துக்கும் தர்மபுரி டாக்டர் "வலியில்லா ஊசியா, சாதா ஊசியா? ரோட்டா சொட்டு மருந்து எது?"ன்னு கேக்கறாரு. எதைப் போட்டா இங்க ஒத்துக்குவாங்க?

ரெண்டையும் ஒத்துக்குவாங்க. இங்க வந்துட்டா இந்தக் கேள்வியே இருக்காது. எந்த ஊசின்னு ஜேசிவிஐங்கற நிபுணர் குழு பரிந்துரைக்கும், அரசு வாங்கும், நர்ஸ் போடுவாங்க. முதல்ல எனக்கு அது கோபமா இருந்துச்சு, என் புள்ளைக்கு நான் தேர்ந்தெடுக்கக் கூடாதான்னு. அப்புறம்தான் அவங்க கணக்கு போடற விதம் புரிஞ்சுது. மூளைக்காய்ச்சல் பி ஊசிக்கு 2013-ல, செலவுக்கு ஏத்த பலன் இருக்காதுன்னு இடைக்கால முடிவு சொன்னாங்க. 2014-ல கணக்கைத் திருத்தி, விலை படிஞ்சா போடலாம்னாங்க. பேரம் முடிஞ்சு 2015 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க. ஊசி அதேதான், எதுக்கு எவ்வளவு எடை கொடுக்கறோம்ங்கறதுதான் மாறுச்சு.

அந்த எடை விஷயத்தை நாங்க 2016-லயே காவேரிப்பட்டணத்துல தெரியாத்தனமா செஞ்சு பார்த்திருக்கோம். பையனுக்கு ஆறு வாரம், நாலு நாள்ல பிளைட். இதே கேள்வி. திண்ணையில மாமியார் புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. இருபது புளியங்கொட்டையை எடுத்து, நோட்டுல அஞ்சு கட்டம் போட்டேன்: பாதுகாப்பு, நோயைத் தடுக்கற பலம், காய்ச்சல், காசு, பயணம். முக்கியமானதுக்கு அதிகக் கொட்டை வைக்கணும். வீட்டுக்காரர் எடுத்த எடுப்புல பன்னண்டைப் பாதுகாப்புல கொட்டினாரு. அது பெரிய விஷயம்தான், யாரு இல்லைன்னா? ஆனா ரெண்டு ஊசியும் பல வருஷமா கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டதுதானே, அந்தக் கட்டத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லையே! வித்தியாசம் இல்லாத இடத்துல கொட்டையைக் குவிச்சா எதுவும் பிரியாது. பன்னண்டையும் அள்ளி மறுபடி வைக்கச் சொன்னேன்.

நிஜ வித்தியாசம் இருந்தது மத்த நாலுலயும்தான். சாதா ஊசிக்குக் காய்ச்சலும் வீக்கமும் அதிகம், ஆனா அரசு ஆஸ்பத்திரியில காசில்லை, கக்குவான் இருமலுக்கு அதோட காவல் கொஞ்சம் நீடிச்சு நிக்கும். வலியில்லா ஊசிக்குத் தொந்தரவு கம்மி, விலை ஆயிரக்கணக்குல. பிளைட் நாலு நாள்ல இருந்ததால பயணத்துல ஏழு கொட்டை விழுந்துச்சு, வலியில்லா ஊசி ஜெயிச்சுது. பிளைட் ஒரு மாசம் கழிச்சுன்னா என்ன ஆகும்னு கொட்டையை மாத்தி வெச்சுப் பார்த்தேன், சாதா ஊசி ஜெயிச்சுது. மாமியார் எல்லாத்தையும் காய்ச்சல்ல வெச்சாங்க, ராத்திரி தூக்கம் முழிக்கப்போறது அவங்கதானே.

உங்களுக்குப் பயணம் ரெண்டு மாசம் தள்ளி இருக்கு. ஊசியில அந்தக் கட்டத்துக்கு வேலை இல்லை. நானா இருந்தா அரசு ஆஸ்பத்திரி சாதா ஊசியே போடுவேன். இங்க 2004-ல இருந்து வலியில்லா வகைதான், மூணாவது தவணை அதுலயே சேர்ந்துக்கும்.

சொட்டு மருந்துலதான் பயணம் பேசும். அரசு கொடுக்கற ரோட்டாவாக், ரோட்டாசில் மூணு தவணை: 6, 10, 14 வாரம். ரோட்டாரிக்ஸ் ரெண்டே தவணை, 10 வாரத்துல முடிஞ்சிடும், ஆனா தனியார்ல காசு. இங்கயும் ரோட்டாரிக்ஸ்தான். 15 வாரம் ஆயிட்டா முதல் தவணையே தொடங்க மாட்டாங்க, 24 வாரத்துக்கு மேல எதுவும் கிடையாது. அதனால பாதியில விட்டுட்டு வராம அங்கயே முடிக்கறது நல்லது. உங்க டாக்டர்கிட்ட இதைச் சொல்லிக் கேளுங்க.

இன்னொண்ணு. எங்க அட்டையில வெறும் டிக் அடிச்சு அனுப்பிட்டாங்க, மருந்து பேரே இல்லை. இங்க நர்ஸ் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டு, ஆதாரம் இல்லைன்னா போடாததாத்தான் எடுத்துக்குவோம்னாங்க. ஊருக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரி நோட்டைத் தேடச் சொல்லி, போட்டோ வர்றதுக்குள்ள ரெண்டு வாரம். நீங்க ஒவ்வொரு தடவையும் மருந்து பேரு, பேட்ச் நம்பர், தேதி மூணையும் எழுதி வாங்கிட்டு, ஆஸ்பத்திரி வாசல்லயே போட்டோ எடுத்துடுங்க. இறங்கின வாரமே சர்ஜரியில (இங்க பக்கத்து டாக்டரோட கிளினிக்கை அப்படித்தான் சொல்லுவாங்க) பாப்பா பேரைப் பதிஞ்சிடுங்க. நர்ஸ் பிசிஜி தழும்பு இருக்கான்னு இடது கையைப் பார்ப்பாங்க, பயந்துடாதீங்க.