கேளுங்க அண்ணாச்சி: விக்கிப்பீடியாவுக்குக் காசு கொடுக்கணுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விக்கிப்பீடியா பற்றியவை. அதனால் பதில் எழுதும் வேலையைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுத்துவரும் நெல்லைச் சீமை நண்பர்களிடமே விட்டுவிட்டோம்.

*அண்ணாச்சி, விக்கிப்பீடியாவைத் திறந்தாலே மேலே பெருசா ஒரு கட்டம் வந்து காசு கேக்குது. நாம கொடுக்கலைன்னா மூடிப்புடுவாங்களா?*
— ஜவுளி வியாபாரி, மேலப்பாளையம்

மூடமாட்டார்கள், பயப்படாதீர்கள். அதை நடத்துவது அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய விக்கிமீடியா அறக்கட்டளை. லாப நோக்கற்ற அமைப்பு. தணிக்கை செய்த கணக்கை வருஷா வருஷம் வெளியிடுகிறது. 2023-24 கணக்கில் வரவு சுமார் 18.5 கோடி டாலர், செலவு சுமார் 17.8 கோடி டாலர். கடன் போக நிகரச் சொத்து 27 கோடி டாலர் அளவில் இருந்தது. ஒரு வருஷம் யாருமே காசு போடாவிட்டாலும் கடை திறந்திருக்கும் என்று அர்த்தம். இதுபோக 2016-இல் தொடங்கிய வைப்பு நிதி தனியாக உண்டு. 10 கோடி டாலர் சேர்க்க வேண்டும் என்ற அதன் இலக்கை 2021-லேயே எட்டிவிட்டார்கள்.

செலவுப் பக்கம்தான் சுவாரசியம். சர்வர்களை இணையத்தில் வைத்திருக்கும் செலவு சுமார் 31 லட்சம் டாலர். மொத்தச் செலவில் நூற்றுக்கு இரண்டுகூட வராது. சம்பளம் மட்டும் 10.6 கோடி டாலர் அளவுக்குப் போனது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஏமாற்று வேலை' என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். அது சரியான கணக்கு இல்லை. அந்த 31 லட்சத்தில் இயந்திரம் வாங்கும் காசு சேராது, அதை ராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரின் சம்பளமும் சேராது. மென்பொருள், பாதுகாப்பு, வழக்குச் செலவு எல்லாமே ஆட்களை வைத்து நடப்பவை. ஆனால் 'நாளைக்கே மூடப்போகிறோம்' என்ற தொனியில் அந்தக் கட்டம் பேசுவது எங்களுக்கும் பிடிக்கவில்லை. 2022-இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்களே கூடி, வாசகம் மிகையாக இருக்கிறது என்று சொன்ன பிறகு அறக்கட்டளை அதை மாற்றியது. பிடித்திருந்தால் கொடுங்கள், பயந்து கொடுக்க வேண்டாம்.

*இவ்வளவு பேர் பார்க்கிற தளம். நாலு விளம்பரம் போட்டால் யாரிடமும் கை நீட்ட வேண்டாமே?*
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மகாராஜநகர்

2002-லேயே விளம்பரம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டது. அதைக் கேட்ட மாத்திரத்தில் ஸ்பானிய மொழிக்காரர்கள் பலர் தனியே பிரிந்து போய் வேறொரு கலைக்களஞ்சியம் தொடங்கிவிட்டார்கள். சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர்கள், தங்கள் எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொருவன் சோப்பு விற்கச் சம்மதிக்கமாட்டார்கள். ஆள் போனால் தளம் போச்சு. இன்றுவரை விளம்பரம் வரவில்லை.

நம் திருநெல்வேலியில் 1843-இல் திறந்த தாமிரபரணி ஆற்றுப்பாலத்துக்குச் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். இன்றுவரை ஊரே நடக்கிறது. கலைக்களஞ்சியத்துக்கு அந்த வழி ஒத்துவராது. ஒருவர் காசு என்றால் அவரைப் பற்றிய கட்டுரையை யார் திருத்துவது? லட்சக்கணக்கானவர்கள் சிறு சிறு தொகையாகப் போடும்போது எந்த ஒருவரும் 'இதை எடு, அதைப் போடு' என்று சொல்ல முடியாது.

பெரிய நிறுவனங்கள் விக்கிப்பீடியாத் தகவலை ஓசியில் எடுக்கின்றனவே என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். அதற்காகவே 2021-இல் கட்டணச் சேவை ஒன்று தொடங்கினார்கள்; மறு வருஷம் கூகுள் காசு கட்டும் வாடிக்கையாளராகச் சேர்ந்தது. மொத்த வரவில் அது இன்னும் சின்னப் பங்குதான். இப்போதைய தலைவலி செயற்கை நுண்ணறிவுக்காகப் பக்கங்களை வாரிக்கொண்டு போகும் தானியங்கி நிரல்கள். 2024 ஜனவரியிலிருந்து 2025 தொடக்கத்துக்குள், படங்களையும் காணொளிகளையும் இறக்கும் சுமை மட்டும் 50 சதவீதம் ஏறியிருக்கிறது.

*நன்கொடை கொடுத்தால் வருமான வரியில் கழிக்கலாமா? எப்படிக் கொடுப்பது பத்திரம்?*
— கணக்காளர், தென்காசி

கழிக்க முடியாது. பணம் போவது வெளிநாட்டு அமைப்புக்கு. 80 ஜி எனப்படும் நன்கொடை வரிச் சலுகை அதற்குக் கிடையாது. கொடுப்பதென்றால் விக்கிப்பீடியா பக்கத்தின் பட்டியில் உள்ள நன்கொடை இணைப்பு வழியாக மட்டும் போங்கள். முகவரியில் விக்கிமீடியா என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கியூஆர் கோடு எதையும் தொடாதீர்கள். படிவத்தில் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். 'ஒருமுறை', 'மாதாமாதம்' இரண்டில் எது தேர்வாகியிருக்கிறது என்பது ஒன்று. பரிவர்த்தனைக் கட்டணத்தையும் நாமே ஏற்கிறோமா என்று கேட்கும் சின்னக் கட்டம் இன்னொன்று. தவறி மாதாமாதம் கொடுத்துவிட்டால் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம்.

*இந்தக் காசில் தமிழுக்கு ஏதாவது வருகிறதா?*
— கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

எழுதுகிறவருக்குச் சம்பளமாக ஒரு பைசாவும் வராது. எந்த மொழியிலும் அப்படித்தான். பயிலரங்கு, போட்டி, ஸ்கேன் வேலை போன்றவற்றுக்கு விண்ணப்பித்தால் நல்கை கிடைக்கும். 2018-இல் கூகுளோடு சேர்ந்து நடத்திய 'வேங்கைத் திட்டம்' என்ற கட்டுரைத் திட்டத்தில் இந்திய மொழிகளில் எழுதுவோருக்கு மடிக்கணினியும் இணையச் செலவும் கொடுத்தார்கள்.

தமிழுக்குத் தட்டுப்பாடு காசு அல்ல, ஆள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டது. இப்போது ஒன்றரை லட்சம் தாண்டிவிட்டது. ஆனால் நம் பக்கத்து ஊர்களைத் தேடிப் பாருங்கள்: மக்கள்தொகைக் கணக்கோடு நாலு வரியில் நின்றுபோன கட்டுரைகள் எத்தனை! கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு 1881-இல் வந்தது, எச். ஆர். பேட் எழுதிய மாவட்ட கெசட்டியர் என்ற விவரத் தொகுப்பு 1917-இல் வந்தது. இரண்டும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் உங்கள் ஊரைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து, பக்க எண்ணோடு மேற்கோள் கொடுத்து இரண்டு பத்தி சேர்த்தால், அது பெரிய நன்கொடைக்குச் சமம். அவை வெள்ளைக்காரர் பார்வை என்பதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். குறிப்பாகச் சாதிகளைப் பற்றி அதில் உள்ளதை அப்படியே இறக்கிவிடாதீர்கள்.

*எங்கள் ஊர்க் கட்டுரை இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே சொல்கிறது. நாங்கள் தென்காசிக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு! யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?*
— உரக்கடைக்காரர், சங்கரன்கோவில் வட்டம்

மனுவெல்லாம் வேண்டாம், நீங்களே மாற்றலாம். கணக்கு ஒன்று தொடங்கிக்கொண்டு 'தொகு' என்பதை அழுத்துங்கள். மூன்று இடம் பார்க்க வேண்டும்: வலது பக்கத் தகவல் கட்டத்தில் மாவட்டம் என்ற வரி, முதல் பத்தி, அடியில் உள்ள பகுப்பு. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதை மாற்றாவிட்டால் ஊர் தென்காசிப் பட்டியலில் வராது. முன்தோற்றம் பார்த்துவிட்டு, சுருக்கப் பெட்டியில் '2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம்' என்று காரணம் எழுதிச் சேமியுங்கள். காரணமில்லாத திருத்தத்தை யாராவது விஷமம் என்று நினைத்துப் பழையபடி மாற்றிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. 'திருநெல்வேலி' என்று கண்ட இடமெல்லாம் 'தென்காசி' என்று போட்டுவிடாதீர்கள். 1930-இல் பிறந்தவர் பிறந்தது திருநெல்வேலி மாவட்டத்தில்தான். அங்கே 'அன்றைய திருநெல்வேலி மாவட்டம்' என்று வைப்பதே சரி. தயக்கம் இருந்தால் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள், அல்லது ஒத்தாசைப் பக்கத்துக்குப் போங்கள். பொது விஷயம் பேச ஆலமரத்தடி என்றே ஒரு பக்கம் இருக்கிறது.

*கிருஷ்ணாபுரம் கோவில் சிற்பங்களைப் படம் எடுத்து ஏற்றினேன். பதிப்புரிமை மீறல் சந்தேகம் என்று நீக்கக் கொடி போட்டுவிட்டார்கள். நான் எடுத்த படம் அண்ணாச்சி!*
— புகைப்படக்காரர், பாளையங்கோட்டை

வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய பிரதியை ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அதில் படத்தின் அளவு சுருங்கிவிடும். எந்தக் கேமரா, எந்தத் தேதி என்று கோப்புக்குள் இருக்கும் தகவலும் அழிந்துவிடும். பார்க்கிறவருக்கு அது இணையத்தில் சுட்ட படம் மாதிரியே தெரியும். கேமராவிலிருந்து எடுத்த மூலக் கோப்பை அதே பக்கத்தில் புதிய பதிப்பாக ஏற்றி, நீக்கல் உரையாடலில் அதைச் சொல்லுங்கள். அநேகமாகக் கொடியை எடுத்துவிடுவார்கள்.

இனி ஏற்றும்போது: விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்று வழிகாட்டியைத் திறந்து, 'சொந்தப் படைப்பு' என்று தேர்ந்தெடுங்கள். உரிமத்தில் பெயர் குறிப்பிட்டு யாரும், வியாபாரத்துக்கும்கூட, பயன்படுத்தலாம் என்று வரும். அது சம்மதமில்லை என்றால் ஏற்றாதீர்கள், பிறகு திரும்ப வாங்க முடியாது. கேமரா போட்ட எண்ணையே கோப்புப் பெயராக விட்டால் ஏற்காது. ஊர், கோவில், மண்டபம், சிற்பம் என்று பெயர் வையுங்கள். கோவிலுக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையையும் கட்டடத்தையும் படமெடுக்க இந்தியச் சட்டம் இடம் தருகிறது. புதிதாக வரைந்த சுவரோவியத்துக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் அந்தச் சலுகை இல்லை.

*எங்கள் கடையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். ஒரே நாளில் தூக்கிவிட்டார்கள்.*
— பாய் வியாபாரி, பத்தமடை

தூக்கத்தான் செய்வார்கள். உங்களோடு தொடர்பில்லாதவர்கள் உங்கள் கடையைப் பற்றி விரிவாக எழுதிய செய்தியோ நூலோ இருந்தால்தான் கட்டுரை நிற்கும். காசு கொடுத்து ஆள் வைத்து எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. உங்கள் கையில் இருப்பதோ அதைவிட மதிப்புள்ள சரக்கு. கோரையைக் கிழிப்பது, ஊறவைப்பது, சாயம் ஏற்றுவது, தறியில் ஓட்டுவது என்று ஒவ்வொரு கட்டத்தையும் படமும் காணொளியுமாக எடுத்துப் பொதுவகத்தில் போடுங்கள். அதை யாரும் நீக்கப்போவதில்லை.

*பள்ளியில் இணையம் சரியாக வராது. விக்கிப்பீடியாவை இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா?*
— ஆசிரியை, பாபநாசம் அருகே

முடியும், காசும் இல்லை. கிவிக்ஸ் என்ற செயலி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரே கோப்பாக, படத்தோடும் படமில்லாமலும் கிடைக்கும். ஆங்கிலம் படத்தோடு என்றால் 100 ஜிபி தாண்டும், அதைத் தொடாதீர்கள். டவுனுக்கு வரும்போது நல்ல இணைப்பில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பழைய முறையில் பார்மட் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்துகொள்ளுங்கள். பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய செயலி, வெளியிலிருந்து கொண்டுவந்த கோப்பைத் திறக்காமல் மக்கர் செய்யலாம். கிவிக்ஸ் தளத்திலிருந்தே செயலியை இறக்கினால் திறக்கும். வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கோப்பு மாற்றினால் போதும்.