ட்ராஃபிக் ப்ளாக்குல லாரிங்களுக்கு நடுவுல இருக்கற சந்துல பைக்க விடலாமா?

கேரளாவுல கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. டெய்லி வேலந்தாவளம் பார்டர் வழியா கோயமுத்தூருக்கு வேலைக்குப் போறாராம், லாரியும் பஸ்ஸும் வரிசையா நின்னு ப்ளாக் ஆச்சுன்னா எல்லாப் பைக்கும் சந்துல புகுந்து போகுது, நான் மட்டும் நின்னா பின்னாடி இருந்து ஆரன் அடிக்கறாங்க, இப்படிப் போறது சட்டப்படி தப்பா, கேரளாவுல ஒரு ரூல் தமிழ்நாட்டுல ஒரு ரூலான்னு.

ரூல் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் தம்பி. 1988 மோட்டார் வாகனச் சட்டம் மத்திய சட்டம், ரோட்டுல எப்படி ஓட்டணும்னு சொல்ற 2017 விதிகளும் அப்படித்தான். அதுல பைக்குக்குன்னு சந்துல போற சலுகை எதுவும் கிடையாது. லேன் போட்ட ரோட்டுல லேனுக்குள்ள ஓட்டு, மாறினா சிக்னல் போடு, ஓவர்டேக் பொதுவா வலது பக்கம், முன்னாடி போறவன் ரைட் திரும்ப சிக்னல் போட்டு நடுவுக்குப் போயிட்டான்னா இடது பக்கம் போலாம், விடாம போட்ட மஞ்சக் கோட்டைத் தாண்டாத, இவ்வளவுதான். இதை மீறினா 177ஏ பிரிவுல 500ல இருந்து 1000 ரூபா வரைக்கும் ஃபைன். ஓவர்டேக் பண்ண விதமே ஆபத்தா இருந்துச்சுன்னா 184, அது 1000ல இருந்து 5000, இல்லன்னா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசம் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம். நான் பாத்த வரைக்கும் எல்லா வண்டியும் நிக்கறப்ப மெதுவா ஊர்ந்து போறவன யாரும் புடிக்கறதில்ல, ஓடுற வண்டிக்கு நடுவுல பாம்பு மாதிரி நெளிஞ்சு போறவனத்தான் ஓரங்கட்டறாங்க.

ஃபைனை விடுங்க, பெரிய விசயம் நஷ்டஈடு. சந்துல போறப்ப லாரி ஒரசி நீங்க விழுந்தீங்கன்னு வைங்க, விபத்து நஷ்டஈட்டு கேஸைப் பாக்கற ட்ரிப்யூனல்ல இன்சூரன்ஸ் வக்கீல் முதல்ல கேக்கறதே "அந்த இடத்துல உங்க பைக்குக்கு என்ன வேலை"ன்னுதான். உங்க மேல 30 சதவீதம் தப்புன்னு முடிவாச்சுன்னா 10 லட்சம் வர வேண்டிய இடத்துல 7 லட்சம்தான் கைக்கு வரும்.

அதுக்காக சந்துல போறதே பாவம்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு லாரிக்கு நடுவுல நிக்கறப்ப பின்னாடி வர்றவன் பிரேக் புடிக்கலைன்னா நசுங்கறது நாமதான். ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல 2014ல இருந்து 30 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இதை அனுமதிச்சிருக்காங்க, கலிஃபோர்னியாவுலயும் செல்லும். அங்க பெர்க்லி யுனிவர்சிட்டிக்காரங்க பைக் விபத்துகள ஆராய்ஞ்சு 2015ல சொன்னது, சுத்தி இருக்கற வண்டியை விட நம்ம வேகம் சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல போனாத்தான் அடி பலமாகுதுன்னு. ஆனா அது அவங்க ஊரு ரோடு. நம்ம ரெண்டு வழி ரோட்டுல ஒரு லேன் மூணரை மீட்டர்னு வைங்க, லாரி அகலம் 2.6 மீட்டர் வரைக்கும் இருக்கும், மிச்சம் 90 சென்டிமீட்டர், உங்க ஹேண்டில்பாரே கிட்டத்தட்ட 80. லாரி ஒரு ஓரத்தை ஒட்டி நின்னாக்கூட பக்கத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர்தான், சக்கரம் கொஞ்சம் திரும்பினாலே போச்சு.

அதனால நான் டிரைவிங் ஸ்கூல்ல பசங்ககிட்ட சொல்றது, முன்னாடி இருக்கறது கார்னா போ, லாரின்னா நில்லு. முக்கியமா லாரிக்கு இடது பக்கம் வேண்டவே வேண்டாம், டிரைவர் உக்காந்திருக்கறது வலது பக்கம், இடது பக்கம் கதவை ஒட்டி நீங்க நின்னா அவருக்குத் தெரியவே தெரியாது, அவர் லெஃப்ட் திரும்பறப்ப முன் சக்கரம் போன வழியில பின் சக்கரம் வராது, உள்ள வெட்டி வரும். பஸ்ஸுக்கும் இடது பக்கம் போகாதீங்க, ப்ளாக்குல நின்னா ஜனங்க ஸ்டாப் வரலைன்னாலும் பொசுக்குனு எறங்கிருவாங்க. எனக்கே ஒருக்கா அப்படி ஆச்சு, தேங்காய்ப் பையோட ஒரு அம்மா எறங்க, நான் பத்து கிலோமீட்டர் வேகத்துல இருந்ததால கால ஊனி நின்னுட்டேன், பைக்கு கீழ விழுந்துச்சு, தேங்காயும் உருண்டுச்சு, அந்தம்மா என்னைத் திட்டினது இன்னும் காதுல இருக்கு.

போறதுன்னா எல்லாம் நின்னுட்டிருக்கறப்ப ஃபர்ஸ்ட் கியர்ல, நடக்கற வேகத்தை விட கொஞ்சம் கூட, விரல் பிரேக் மேல. வண்டிங்க நகர ஆரம்பிச்சதும் எதாவது ஒரு காருக்குப் பின்னாடி இடம் புடிச்சு சேந்துக்கங்க, இன்னும் ரெண்டு வண்டி தாண்டிரலாம்னு பாக்கறதுலதான் மாட்டறது. முன்னாடி போய்ச் சேந்தப்புறம் லாரி பம்பரை ஒட்டி நிக்காதீங்க, லாரியோட முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கறது டிரைவர் கண்ணுக்குப் படாது, நீங்க திரும்பிப் பாத்தா டிரைவர் மூஞ்சி தெரியற தூரம் வேணும். ஹெல்மெட் உங்களுக்கும் பின்னாடி உக்காந்திருக்கறவருக்கும், கேரளாப் பக்கம் 2023ல இருந்து ஏஐ கேமரா வேற பாத்துட்டிருக்கு.

நம்ம ஊருக்குன்னே ஒண்ணு இருக்கு, ஆடிக் காத்து. பாலக்காட்டுக் கணவாய்ல மேக்க இருந்து அடிக்கறப்ப லாரி மறைப்புல இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, லாரியைத் தாண்டி வெளிய வந்ததும் பக்கவாட்டுல ஒரு தள்ளு தள்ளும், வேலந்தாவளம் ரோட்டுல கோயமுத்தூர் பாத்துப் போறப்ப அது இடது பக்கம் இருந்து வந்து உங்கள எதிர் வண்டிப் பக்கம் தள்ளும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்த ரோட்டுல லாரி நின்னா நீங்களும் பின்னாடி நில்லுங்க.