மகளுக்குக் கடன் வாங்கும் முன் தம்பிக்காக வைத்த நகையை மீட்டெடுங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம், ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பும் உண்டு. வீட்டுச் செலவும் மகளின் கல்லூரிக் கட்டணமும் போக மாதம் 62,000 ரூபாய் மிஞ்சுகிறது. பிளஸ் டூவில் 61 விழுக்காடு மட்டுமே எடுத்த மகள், இப்போது கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று பருவங்களிலும் சேர்த்துப் பத்துக்கு 8.9 வாங்கியிருக்கிறாள். கலிபோர்னியாவில் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து பெயர்பெற்ற பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், 60 லட்சம் போதும் என்கிறார் ஒரு முகவர். தோப்பை ஈடாக ஏற்க வங்கி மறுத்துவிட்டது. தனியார் ஒருவர் ஒன்றரை வட்டிக்குத் தருகிறார். என் 32 பவுன் நகை, தம்பி லாரி வாங்குவதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் வைத்தது, இன்னும் அடகில் இருக்கிறது. லாரிக்கு நல்ல லோடு கிடைத்தால் மகள் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாக அவன் சொல்கிறான். கடன் வாங்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முகவர் சொன்ன வழி பொய்யல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியா பல்கலைக்கழகம் மூன்றாம் ஆண்டில் மாற்றிச் சேர்க்கும் மாணவர்களிடம் பள்ளி மதிப்பெண்ணைவிடக் கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணையே பெரிதாகப் பார்க்கிறது. அந்த மாநிலத்து இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்து வருவோருக்கே அங்கு முதலிடம். டேவிஸ், இர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்கள், சொன்ன மதிப்பெண்ணை எடுத்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதித் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் தருவதில்லை. பொறியியல் பாடங்கள் எல்லா வளாகத்திலும் அந்த உறுதிக்குள் வருவதும் இல்லை.

ஆனால் 60 லட்சம் என்பது பாதிப் படிப்புக்கான கணக்குத்தான். இரண்டாண்டுக் கல்லூரியில் கட்டணம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 டாலர் என்றும், டாலருக்கு 88 ரூபாய் என்றும் வைத்தால், இரண்டு ஆண்டுக்கு 53 லட்சம் ஆகிறது. முகவர் கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் பல்கலைக்கழகத்தில், வெளி மாணவர்களுக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே 2025-26இல் 37,602 டாலர். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலர் என்றால் இரண்டு ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம். விசாவுக்கு முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டினால் போதும் என்பதால், இந்தப் பின்பாதிச் செலவு பலருக்கு மூன்றாம் ஆண்டு வாசலில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. வாரத்துக்கு 20 மணி நேரம் வளாகத்துக்குள் வேலை செய்து அந்தத் தொகையைச் சம்பாதிக்க முடியாது.

தோப்பை வங்கி மறுத்ததற்குக் காரணம், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தின்மீது செல்லாது என்பதே. கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமல் நிலத்தை எடுத்துக்கொள்ள அவர்களால் இயலாது. தனியார் வட்டிக்காரர் ஏற்கிறார் என்றால், அவர் வேறு வகையில் எழுதி வாங்கப்போகிறார் என்று பொருள். பிளேடு வட்டிக்காரர்கள் எனப்படும் கந்துவட்டிக்காரர்களிடம் சிக்கியவர்களை உங்கள் பகுதியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒன்றரை வட்டியில் 60 லட்சத்துக்கு மாத வட்டி 90,000 ரூபாய். உங்கள் கையில் மிஞ்சுவதோ 62,000.

இவ்வளவு தெளிவான கணக்கு உங்களுக்கு ஏன் படவில்லை என்று யோசித்தபோது, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நான்கு அடகுச் சீட்டுகளைப் பார்த்தேன். எடை நான்கிலும் ஒன்றுதான், 256 கிராம். தொகையோ 2022இல் 6 லட்சம், 2023இல் 6.8 லட்சம், 2024இல் 8 லட்சம், 2025இல் 10.5 லட்சம். ஆண்டுதோறும் வட்டி கட்டி மாற்றி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் தங்கம் விலை ஏறியதால் கூடுதலாகக் கிடைத்த பணத்தில் பழைய வட்டியைக் கழித்துவிட்டு, மீதியைத் தம்பி வாங்கிப் போயிருக்கிறார். 11 விழுக்காடு என்று கொண்டால் இதுவரை வட்டி சுமார் 2.3 லட்சம், தம்பி கைக்குப் போனது சுமார் 2.2 லட்சம். கையிலிருந்து ஒரு ரூபாயும் போகாததால் உங்களுக்கு வலிக்கவில்லை. தோப்பை வைத்து வாங்கும் கடனையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று தோன்றுவது இந்தப் பழக்கத்தால்தான். மகளுக்குத் தாய்மாமனான தம்பியிடம் கணக்குக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதை நிறுத்தாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள்.

கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் 5 லட்ச ரூபாய் சிட்டியில் (ஏலச்சீட்டில்) 50 தவணையில் 38 கட்டியாகிவிட்டது, அதை முதலாண்டுக் கட்டணத்துக்கு வைத்திருக்கிறோம் என்கிறீர்கள். அதை இப்போதே ஏலத்தில் எடுத்து நகைக் கடனில் கட்டுங்கள். தள்ளுபடி போக நாலரை லட்சம் வந்தாலும் கடன் 6 லட்சமாகக் குறையும். மாத மிச்சத்தில் சிட்டிக்கு 10,000 போனபின் 25,000 ரூபாயை நகைக்கென்று கட்டினால் இரண்டேகால் ஆண்டில் 32 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். மகள் பட்டம் வாங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். முகவர் கூடவே விற்கப் பார்க்கும் பங்குச் சந்தையோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தைத் தொடவே வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு எடுக்க முடியாத பணம் எந்தக் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும்?

மகளின் ஆசை நியாயமானது. பிளஸ் டூ மதிப்பெண் அவள் தலையெழுத்தாகிவிடக் கூடாது. அதற்கு இங்கேயே வழி இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலிருந்தே எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். எம்.டெக். சேர்க்கையில் கேட் மதிப்பெண்ணும் பட்டப்படிப்பும்தான் பேசும். 2015இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி. உங்களுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில்தான் இருக்கிறது. கேட் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பிறகும் அமெரிக்க ஆசை இருந்தால் முதுகலைக்குப் போகட்டும். அங்கேயும் பார்ப்பது இந்த 8.9ஐத்தான். ஆனால் மேலாண்மைப் படிப்புக்காக ஐ.ஐ.எம். பக்கம் திரும்பினால், அவற்றில் பல பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் கணக்கில் எடுப்பதை மறக்க வேண்டாம்.

கடைசிச் சீட்டின்படி அடுத்த கெடு ஆவணியில் வருகிறது. அன்று நீங்கள் தனியாகப் போகாமல் தம்பியையும் வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். நான்கு சீட்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, தொகை ஏறியிருப்பதை அவரே படிக்கட்டும். அவர் பங்காக மாதம் எவ்வளவு கட்டுவார் என்பதை அங்கேயே எழுதி வாங்குங்கள். அவர் எழுதித் தராவிட்டாலும், கூடுதல் தொகைக்குக் கையெழுத்துப் போடாமல் சிட்டிப் பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள்.