இளசுகளை நம்பி அணியைக் கலைக்கலாமா?

கேள்வி: நம்ம டொராண்டோ ஐஸ் ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ், என்.எச்.எல். லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தொட்டு 1967-க்குப் பிறகு எத்தனையோ வருஷமாகிவிட்டது. மூத்தவர்களை விற்றுவிட்டு இளம் வீரர்களை வைத்து முதலிலிருந்து தொடங்கினால் என்ன?
- ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: அதை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்களே! டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) 2014-ல் நைலாண்டர் (8-வது தேர்வு), 2015-ல் மார்னர் (4), 2016-ல் மேத்யூஸ் (1). பையன்கள் ஏமாற்றவில்லை. 2017 முதல் 2025 வரை ஒன்பது முறையும் அணி பிளே-ஆஃபுக்கு (கோப்பைக்கான நாக்-அவுட் தொடர்களுக்கு) போனது. ஆனால் அங்கே வென்ற தொடர்கள் இரண்டே இரண்டு.

இடித்தது சம்பளக் கணக்கு. 18 வயதில் டிராஃப்ட் ஆகும் வீரரின் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. போனஸ் நீங்கலாகச் சம்பளம் வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் டாலர்தான். நட்சத்திரம் மலிவாகக் கிடைக்கும் அந்த மூன்று ஆண்டில்தான் மிச்சப் பணத்தைக் கொட்டித் தற்காப்பைப் பலப்படுத்த வேண்டும். டொராண்டோவோ 2018-ல் வருஷத்துக்கு 1.1 கோடி டாலருக்கு இன்னொரு முன்வரிசைக்காரரான டவாரஸைப் பிடித்தது. மூவரின் புது ஒப்பந்தங்களும் சேர்ந்ததும் நால்வருக்கு மட்டும் ஏறக்குறைய 4 கோடி. அப்போது ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பே 8.15 கோடிதான், கொரோனா காலத்தில் அது மூன்று சீசன் நகரவே இல்லை. மீதிப் பாதியில் கோல்கீப்பரிலிருந்து நான்காம் வரிசை வரை குறைந்தது 16 பேருக்குப் படியளக்க வேண்டியிருந்தது!

இன்னொரு சிக்கல்: கீழே முடிக்கும் அணிக்குத்தான் டிராஃப்டில் முன்வரிசைத் தேர்வு. அப்படித் தோற்று லாபம் பார்க்க, அந்தத் தேர்வு நம் கையில் இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் டொராண்டோ தன் 2026 முதல் சுற்றுத் தேர்வை பாஸ்டனுக்கும், 2027-க்கானதை பிலடெல்பியாவுக்கும் நிபந்தனைகளோடு எழுதிக்கொடுத்தது. இந்த நிலையில் அணியைக் கலைப்பது அடுத்தவன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுதான்.

கேள்வி: கடைசி இடத்தில் முடித்தால் முதல் தேர்வு உறுதியா?

பதில்: இல்லை. குலுக்கலில் 25.5 சதவீத வாய்ப்புதான். மூன்றாம் இடத்துக்குக் கீழே போகாது என்பது ஆறுதல்.

கேள்வி: பஃபலோ அணி இளைஞர்களைத்தானே நம்பியது, ஏன் தேறவில்லை?

பதில்: 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன் பிளே-ஆஃப் பார்க்கவில்லை, லீக்கிலேயே இது சாதனை. ஆனால் ஆள் எடுத்ததில் தப்பில்லை. 2014-ல் ரைன்ஹார்ட், 2015-ல் ஐக்கல், இருவருமே இரண்டாம் தேர்வு. 2021-ல் இருவரையும் விற்றார்கள். ஐக்கல் 2023-ல் வேகஸ் அணியோடு கோப்பையைத் தூக்கினார். ரைன்ஹார்ட் ஃபுளோரிடாவுக்காக ஒரே சீசனில் 57 கோல் அடித்து, 2024, 2025 இரண்டிலும் தூக்கினார். பஃபலோவில் இல்லாமல் போனது, இளசுகளைச் சுற்றி நின்று தாங்கும் அனுபவசாலிகளின் பலம்.

எனவே விற்கும்போதும் முப்பதைத் தாண்டிய இரண்டு மூன்று பேரை வைத்துக்கொள்ளுங்கள்: ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்-ஆஃபில் பக்கைப் பிடிக்க ஒரு சென்டர் (நடு முன்வரிசைக்காரர்), புதுத் தற்காப்பாளரோடு ஜோடி சேர ஒருவர். 18, 19 வயதுக்காரர் பத்து ஆட்டத்துக்குள் திணறினால் ஒன்பதோடு ஜூனியர் அணிக்குத் திருப்பி அனுப்புங்கள். பத்தாவது ஆடிவிட்டால் மலிவு ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் கரைந்துவிடும். பிந்தைய சுற்றுகளையும் அலட்சியம் செய்யக் கூடாது. டாம்பா அணியின் நட்சத்திரங்களில் கூச்சரோவ் 58-வது, பாயின்ட் 79-வது தேர்வு. அத்தகைய தேர்வுகளைச் சேர்க்க, வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான மார்ச் கெடுவுக்கு முன் விற்கும் மூத்தவரின் சம்பளத்தில் 50 சதவீதம் வரை நீங்களே ஏற்கலாம், விலை ஏறும். ஒரே சமயத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்குத்தான் இந்தச் சலுகை.