"வயசானா இப்படித்தான்" என்கிறது முதியோர் இல்லம்: சட்டப்படி என்ன செய்யலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபின் நடக்க முடியவில்லை, மறதியும் அதிகம். எட்டு மாதத்துக்கு முன் கோவைக்குப் பக்கத்தில் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். டெபாசிட் 2 லட்சம், மாதம் 28,000 ரூபாய். நான் திருச்சியில் வேலை பார்ப்பதால் மாதம் ஒரு தடவைதான் போக முடிகிறது. போன வாரம் உடம்பு துடைக்கலாம் என்று அம்மாவைத் திருப்பினால், முதுகுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். சேர்க்கும்போது 52 கிலோ இருந்தவர் இப்போது 45 கிலோ. கேட்டதற்கு, "வயசானா இப்படித்தான் மேடம், நீங்க கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்டைப் பாருங்க" என்றார்கள். எது நடந்தாலும் இல்லம் பொறுப்பல்ல, டெபாசிட் திரும்பக் கிடையாது என்று அதில் இருக்கிறது. புகார் கொடுத்தால் அந்தக் கோபத்தை அம்மா மேல் காட்டுவார்களோ என்று அண்ணன் பயப்படுகிறார். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் வழக்கு இரண்டாவது வேலை. இந்தக் கடிதத்தைப் படிக்கும் நாளிலேயே அம்மாவை ஒரு மருத்துவமனையில் காட்டுங்கள். உள்ளங்கை அகலப் புண் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. புண்ணின் அளவு, ஆழம், எத்தனை நாள் பழையதாக இருக்கலாம், உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அம்மாவுக்குச் சிகிச்சை தொடங்க உதவும் அந்தத் தாள்தான் நாளை உங்கள் வழக்குக்கும் முதல் ஆவணம்.

வயதுதான் காரணமா என்ற கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எவ்வளவு கவனித்தாலும் சில சமயம் புண் வரும். புண் வந்தது என்பதை மட்டும் வைத்து அலட்சியம் என்று எந்த நுகர்வோர் ஆணையமும் சொல்லாது. புண் வருமுன் என்ன செய்தார்கள், வந்தபின் என்ன செய்தார்கள் என்றுதான் பார்க்கும். எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது நர்சிங்கில் பால பாடம். காற்று மெத்தை போட்டார்களா? தோல் சிவந்த முதல் நாள் எங்காவது எழுதப்பட்டதா? மருத்துவர் எந்தத் தேதியில் பார்த்தார்? உங்களுக்கு ஏன் போன் வரவில்லை? புண் ஒரே ராத்திரியில் இவ்வளவு பெரிதாகாது. அவர்களாகச் சொல்லாமல் நீங்கள் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டீர்கள் என்பதே உங்கள் வழக்கில் கனமான விஷயம். எடையும் அப்படித்தான். ஆறு மாதத்தில் பத்து சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பார்கள் மருத்துவர்கள். அம்மாவுக்கு எட்டு மாதத்தில் 13 சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது. மாதாமாதம் எடை பார்த்திருந்தால் இது கண்ணில் படாமல் போயிருக்காது. பார்க்கவே இல்லை என்றால் அதுவே ஒரு குறைபாடு.

அதனால், வழக்கு வாடை அடிக்கும் முன்பே ஆவணங்களைக் கேளுங்கள். தினசரி நர்சிங் குறிப்பு, திருப்பிப் படுக்க வைத்த அட்டவணை, மருந்துப் பதிவு, எடைக் குறிப்பு, ராத்திரி டியூட்டிப் பட்டியல் எல்லாவற்றின் நகலையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டு, அதையே ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். அங்கே வந்து பார்த்த மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். மருத்துவக் குறிப்புகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதிகள் மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. இல்லம் தர மறுத்தால், மறுத்ததையும் எழுத்தில் வாங்குங்கள்.

நான் நடத்திய ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு அந்தத் திருப்பும் அட்டவணையைப் பெருமையாகத் தாக்கல் செய்தது. ராத்திரி 10, 12, 2, 4 என்று ஒரு கட்டம் விடாமல் டிக். எல்லாம் ஒரே பேனா, ஒரே கை, ஒரே சாய்வு. நடுவில் மூன்று நாள், அந்தப் பாட்டி வேறொரு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தார். அந்த மூன்று ராத்திரியும் அவரை இல்லத்தில் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைத்ததாக டிக் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்தோம். குறுக்கு விசாரணைக்கே அதிகம் வேலை இருக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கும் தாள்களையும் அப்படி வரி வரியாகப் படியுங்கள்.

போனில் எடுத்த படங்களை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் படத்தைத் தொலைத்துவிடவும் வேண்டாம். பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அதற்கு அந்தப் போனே தேவைப்படும்.

இனி அக்ரிமென்ட். "எதற்கும் பொறுப்பல்ல" என்று எழுதி வாங்கியதால் பொறுப்பு போய்விடாது. பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தான் மாதம் 28,000 வாங்கினார்கள். ஒருதலைப்பட்சமாக எழுதி, வேறு வழியில்லாதவரிடம் கையெழுத்து வாங்கிய நிபந்தனைகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019-ல் பயனியர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வீடு வாங்கியவரின் வழக்கு. ஆனால் அதன் தர்க்கம் உங்களுக்கும் பொருந்தும் என்றே வாதிடுவேன். எந்த ஆயா, எந்த நர்ஸ் தவறு செய்தார் என்று நீங்கள் பெயர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முதல் கட்ட ஆதாரத்தை நீங்கள் வைத்துவிட்டால், கவனமாகத்தான் இருந்தோம் என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும். மருத்துவமனை தொடர்பான சவிதா கார்க் வழக்கில் 2004-லேயே வந்த தீர்ப்பு இது.

புகாரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று இரண்டும் சொல்லி மாவட்ட ஆணையத்தில் கொடுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம் என்று சட்டம் சொல்வதால் கோவைக்கு அலைய வேண்டாம், திருச்சி போதும். பணம் கட்டிய நீங்களும், சேவை பெற்ற அம்மாவும் சேர்ந்தே புகார்தாரர்கள் ஆகுங்கள். டெபாசிட்டையும் எட்டு மாதக் கட்டணத்தையும் கூட்டினால் 4,24,000 வருகிறது. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. கால வரம்பு இரண்டு ஆண்டு. டெபாசிட், வாங்கிய கட்டணத்தில் ஒரு பகுதி, புண் ஆறும் வரையிலான சிகிச்சைச் செலவு, அம்மா பட்ட வேதனைக்கு இழப்பீடு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள். 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தில் உள்ள அந்தத் தீர்ப்பாயம் பிள்ளைகள், உறவினர்களிடம் ஜீவனாம்சம் கேட்பதற்கானது; இல்லத்தின் மீது இழப்பீடு வாங்கித் தராது. ஆனால் அதே சட்டத்தின் தமிழக விதிகளின்படி முதியோர் இல்லங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் இல்லம் பதிவானதா என்று கோவை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள், ஆய்வு செய்யும்படி மனுவும் கொடுங்கள், கலெக்டருக்கு ஒரு நகல். படுக்கை போட்டுச் சிகிச்சை தருகிறோம் என்று விளம்பரம் செய்திருந்தால், மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியும் பதிவு வேண்டும். அதை மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். வழி தெரியாமல் நின்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு பிரிவும் உண்டு. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாத ஒருவரைப் பராமரிப்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு வேண்டுமென்றே செய்யாமல் விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 357-வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத குற்றம் இது. வேண்டுமென்றே என்பதை நிரூபிப்பதும் எளிதல்ல. முதல் நோட்டீஸிலேயே இதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆவணங்கள் கைக்கு வந்தபின் முடிவு செய்யலாம்.

அண்ணனின் பயம் நியாயமானது. அதனால் வரிசை முக்கியம். முதலில் மருத்துவமனை, கூடவே ஆவணக் கோரிக்கை. அம்மா மருத்துவமனையில் இருக்கும்போதே அடுத்த இடத்தைத் தேடுங்கள். அவர் அந்த இல்லத்தைவிட்டு வெளியே வந்தபிறகுதான் வக்கீல் நோட்டீஸ்.

அடுத்த இடத்தைப் பார்க்கப் போகும்போது பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள். எல்லா இடமும் அப்போது பளபளப்பாகத்தான் இருக்கும். சாயந்திரம் ஏழு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய் நில்லுங்கள். ஊட்ட வேண்டியவர்களுக்கு யாராவது ஊட்டுகிறார்களா, தட்டை வைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்களா என்று பாருங்கள். தண்ணீர் டம்ளர் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, ஜன்னல் திட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நகங்களைக் கவனியுங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆயா என்று கேட்டு, அந்த எண்ணை அக்ரிமென்ட்டில் எழுதச் சொல்லுங்கள். மாதாமாதம் எடையும், தோலில் எந்த மாற்றமானாலும் அன்றே போனும் என்ற இரண்டு வரிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் அம்மாவைச் சேர்க்காதீர்கள்.