பிராவோ, பொட்டானிஸ், மரடோனா

அன்புள்ள ஐயா,

கால்பந்து உலகக் கோப்பை நெருங்கினாலே எங்கள் நண்பர்கள் வட்டத்தில் சண்டை தொடங்கிவிடும். பயிற்சியாளர் யாரை எடுத்தார், யாரை விட்டார், ஏன் விட்டார் என்று நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருப்போம். நான் அர்ஜென்டினா ரசிகன். இந்த முறை பேச்சு பழைய கதைக்குப் போய்விட்டது. 1978இல் பதினேழு வயது மரடோனாவைக் கடைசி நேரத்தில் அணியிலிருந்து நீக்கினாரே அன்றைய பயிற்சியாளர் மெனோட்டி, அது துரோகம் என்பது என் கட்சி. "கோப்பையை வென்றாரா இல்லையா? அப்படியானால் அவர் செய்தது சரி" என்கிறான் நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இன்னும் இரண்டு கேள்விகள். இந்தியா ஆடாத ஒரு போட்டிக்காக நாம் இப்படி அடித்துக்கொள்வது அபத்தம் என்கிறார் என் அப்பா. உண்மையா? அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியின் கீழ் நடந்த 1978 போட்டியின் வெற்றியை வெற்றி என்று சொல்லலாமா?

நானும் கல்லூரியில் கால்பந்து ஆடியவன்தான். பல்கலைக்கழக அணித் தேர்வில் கடைசிச் சுற்று வரை போனேன். பட்டியலில் பெயர் வரவில்லை. அது பழைய கதை, விடுங்கள்.

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

விட முடியாது. நீங்கள் விடச் சொன்ன அந்தக் கடைசி வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு வருகிறேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள், அபத்தம் இல்லை. நல்ல ஆட்டத்தை நேசிக்க அந்த நாட்டுப் பாஸ்போர்ட் தேவையில்லை. அடுத்த ஆட்டத்தின்போது அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், போதும். ராணுவ ஆட்சி பற்றிய கேள்வி அப்படிச் சில வரிகளில் முடிகிற ஒன்றல்ல. இறுதி ஆட்டம் நடந்த ரிவர் பிளேட் மைதானத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கடற்படையின் பயிற்சிப் பள்ளி ஒன்று ரகசியச் சிறையாக இருந்தது. மைதானத்தின் ஆரவாரம் உள்ளே அடைபட்டுக் கிடந்தவர்களின் காதுக்கு எட்டியது. அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆட்டக்காரர் தேர்வுச் சண்டையின் ஓரத்தில் அவர்களை வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இனி மெனோட்டி.

துரோகம் என்ற சொல்லை எவ்வளவு சுலபமாக எடுத்து வீசிவிட்டீர்கள்! 1974 முதல் அந்த அணியைக் கட்டி எழுப்பிய மனிதர் அவர். 1977 பிப்ரவரியில் ஹங்கேரிக்கு எதிரான ஆட்டத்தில், பதினாறு வயதுப் பையனாக இருந்த மரடோனாவைத் தேசிய அணியில் முதன்முதலாக இறக்கியவரும் அவர்தான். 1978 மே 19 அன்று இருபத்தைந்து பேர் இருந்த முகாமை இருபத்திரண்டாகக் குறைத்தார். அன்று மூன்று பேர் வீட்டுக்குப் போனார்கள். மூன்று பேர், ர.! உங்கள் கடிதத்தில் ஒருவர்தான் இருக்கிறார். உங்கள் நண்பனின் வாதத்திலும் அதே ஒருவர்தான். மற்ற இருவரின் பெயர் உங்கள் இருவரில் யாருக்காவது தெரியுமா? விடிய விடியப் பேசுகிறீர்களே, ஒருமுறையாவது தேடிப் பார்த்தீர்களா?

ஹும்பெர்ட்டோ பிராவோ. விக்டர் பொட்டானிஸ்.

பிராவோ கோர்டோபா நகரத்தின் தாயெரெஸ் கிளப்பின் முன்கள வீரர். அந்த ஆண்டு ஜனவரியில், மூன்று பேர் வெளியேற்றப்பட்டு எட்டுப் பேராகச் சுருங்கிப்போன இண்டிபெண்டியெண்டே அணியிடம், கையில் இருந்த தேசியப் பட்டத்தைக் கடைசி நிமிடங்களில் தவறவிட்ட கிளப் அது. அந்த வலி ஆறுவதற்குள் உலகக் கோப்பை முகாம். தாயெரெஸிலிருந்து அவரோடு லூயிஸ் கால்வான், ஹோசே டேனியல் வலென்சியா, மிகேல் ஒவியேதோ ஆகியோரும் வந்திருந்தார்கள். அந்த மூவரும் பட்டியலில் நின்றார்கள். பிராவோ மட்டும் பெட்டியைக் கட்டினார். கால்வான் இறுதி ஆட்டத்தில் ஆடி உலக சாம்பியன் ஆனார். ஒரே கிளப், ஒரே உடைமாற்றும் அறை. பிறகு அவர்கள் ஊருக்குத் திரும்பி மறுபடி ஒன்றாகப் பயிற்சிக்கு இறங்கிய முதல் நாளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பொட்டானிஸ் சாந்தா ஃபே நகரத்தின் யூனியன் கிளப்பைச் சேர்ந்த தற்காப்பு வீரர். அவரும் சரி, பிராவோவும் சரி, அதன் பிறகு எந்த உலகக் கோப்பையிலும் ஆடவில்லை.

மரடோனாவுக்கு என்ன நடந்தது? அழுதார். இரண்டு நாளில் தன் கிளப்புக்காக இறங்கி இரண்டு கோல் போட்டார். அடுத்த ஆண்டு ஜப்பானில், அதே மெனோட்டியின் கீழ், இளையோர் உலகக் கோப்பையை அணித்தலைவராக வென்றார். பிறகு 1982, 1986, 1990, 1994 என்று நான்கு உலகக் கோப்பைகள். மெனோட்டியை மன்னிக்கவில்லை என்று பின்னாளில் சொன்னார். சொல்லட்டும், அந்தக் கோபம் அவருடைய உரிமை. ஆனால் அவருடைய அந்த ஒரு நாள் கண்ணீருக்காக உலகமே இன்றுவரை அழுகிறது. திருப்பூரில் நீங்கள் அழுகிறீர்கள். பிராவோவுக்காக அழ யார் இருக்கிறார்கள்?

உங்கள் நண்பனுக்கும் ஒரு வார்த்தை. வென்றதால் சரி என்பது சோம்பேறி வாதம். இறுதி ஆட்டம், 1978 ஜூன் 25. நெதர்லாந்தோடு ஒன்றுக்கு ஒன்று. தொண்ணூறாவது நிமிடத்தில் நெதர்லாந்தின் ரென்சென்பிரிங்க் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பிறகு கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினாவின் கெம்பெஸும் பெர்ட்டோனியும் கோல் அடித்து மூன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அந்தப் பந்து கொஞ்சம் உள்ளே வளைந்திருந்தால், மரடோனாவை வீட்டுக்கு அனுப்பியதால் கோப்பையைத் தொலைத்தவர் என்றுதான் மெனோட்டியைச் சாகும் வரைக்கும் திட்டியிருப்பார்கள், உங்கள் நண்பனும் சேர்ந்து. மே மாதம் அவர் எடுத்த முடிவு அப்போதும் அதே முடிவுதான். மரக்கம்பத்தைக் கேட்டா ஒரு மனிதனின் தீர்ப்பை எடை போடுவது?

இப்போது எனக்கு நெடுநாளாக மனதில் கிடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பந்தியில் இருபத்திரண்டு இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. இன்னொருவரை உட்கார வைக்க வேண்டும் என்று வாசலில் நின்று சத்தம் போடுகிறீர்கள். சரி, யாரை எழுப்புவது? ரசிகர்கள் இதற்கு மட்டும் வாய் திறப்பதே இல்லை. இவன் ஏன் இல்லை, அவன் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே போவார்கள். கூட்டிப் பார்த்தால் அவர்கள் அணியில் முப்பது பேர், நாற்பது பேர் இருப்பார்கள். அப்படிப்பட்ட அணியை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அன்று இருபத்திரண்டு, 2002இல் இருபத்து மூன்று, 2022இல் இருபத்தாறு. எண்ணிக்கையைக் கூட்டினால் சண்டை குறையும் என்று நினைத்திருப்பார்கள். குறைந்ததா? இருபத்தேழாவது ஆளுக்காக அதே சண்டை.

ஒருவரைச் சேர்க்கச் சொல்கிறவர், நீக்க வேண்டியவரின் பெயரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவரிடம் நான் பேசவே மாட்டேன். சும்மா பெயரைச் சொன்னாலும் போதாது. அவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், அந்த இடத்துக்காக என்ன கொடுத்தார் என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்ல வேண்டும்.

என் சித்தப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். நடுக்கள ஆட்டக்காரர். ஒரு வருடம் மாநில அணித் தேர்வு முகாமுக்கு அழைக்கப்பட்டார். கடைசி நாள் காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனவர், சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் தன் பெயர் இல்லை என்று தெரிந்துகொண்டார். முந்தைய இரவே முடிவாகிவிட்டதாம். தேர்வாளர்களில் ஒருவர்கூட அவரிடம் வந்து சொல்லவில்லை. அவர் பெயர் ஏன் இல்லை என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. "நேரில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும், வயதான பிறகும், பேச்சு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று சொல்வார். அந்தத் தேர்வாளர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. அவரைவிட நல்ல ஆட்டக்காரர்கள் அன்று இருந்திருக்கலாம். அதை எடைபோட நான் யார்? ஆனால் ஒரு மனிதனை அழைத்து, உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேச என்ன கேடு? மெனோட்டி அந்த மூன்று பேரிடமும் நேரில் சொன்னார். அதற்காகவே துரோகம் என்ற உங்கள் சொல்லை நான் ஏற்க மறுக்கிறேன்.

இன்னும் கேளுங்கள். அந்த 1978 அணியில் மூன்றாவது கோல்கீப்பராக இருந்தவர் ரிக்கார்டோ லா வோல்பே. முதல் கோல்கீப்பர் ஃபியோல் எல்லா ஆட்டங்களிலும் நின்றார், லா வோல்பே ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. வெளியே உட்கார்ந்திருப்பதன் கனம் அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர்தான் 2006இல் மெக்சிகோவின் பயிற்சியாளர். அந்த நாடே கொண்டாடிய குவாத்தெமோக் பிளாங்கோவை அணியில் சேர்க்காமல் விட்டார். மெக்சிகோ கொதித்தது. இரண்டாம் சுற்றில், அதுவும் அர்ஜென்டினாவிடமே, கூடுதல் நேரத்தில் தோற்றார்கள்.

மரடோனா? 2010இல் அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் அவரேதான். அந்த மே மாதம்தான் இன்டர் மிலான் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அதன் அணித்தலைவர் அர்ஜென்டினாவின் ஹாவியர் சனெட்டி, நடுக்களத்தில் அவரோடு இன்னொரு அர்ஜென்டினாக்காரர் எஸ்தெபான் கம்பியாசோ. இருவரையும் மரடோனா எடுக்கவில்லை. காலிறுதியில் ஜெர்மனி நான்கு கோல் போட்டது. பதினேழு வயதில் முகாமிலிருந்து அழுதுகொண்டே போன பையன், நாற்பத்தொன்பது வயதில் அதே இடத்தில் நின்று இரண்டு பெரிய ஆட்டக்காரர்களை விட்டுவிட்டார். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள், ர.? அர்ஜென்டினா ரசிகராக நீங்கள் அப்போது கோபப்பட்டிருப்பீர்கள், ஆனால் துரோகி என்று வாய் வந்திருக்காது. மரடோனாவை அந்தச் சொல்லால் அழைக்க உங்களால் முடியாது. என்னாலும் முடியாது. பிறகு மெனோட்டியை மட்டும் ஏன்?

சரி, யாரை எழுப்புவது என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த இருபத்திரண்டு பேருக்கும் குடும்பப் பெயரின் அகரவரிசையில் ஜெர்சி எண் கொடுத்தார்கள். அதனால்தான் நடுக்கள வீரர் அலோன்சோவுக்கு 1, கோல்கீப்பர் ஃபியோலுக்கு 5. கெம்பெஸுக்கு 10 வந்ததும் அப்படித்தான். கடைசி எண்ணான 22 ரிக்கார்டோ வில்லாவுடையது. நான் மெனோட்டியாக இருந்திருந்தால் மரடோனாவை எடுத்திருப்பேன். அவருடைய இடத்துக்குப் போட்டியிட்ட மூவரில் வலென்சியாவை வைத்திருப்பேன். அலோன்சோவா வில்லாவா என்று இரவெல்லாம் தவித்து, வில்லாவை விட்டிருப்பேன். லூக்கேவுக்கும் ஒல்கினுக்கும் நடுவில் மரடோனாவுக்கு 15ஆம் எண் போயிருக்கும். வில்லா அந்தக் கோப்பையில் அதிகம் ஆடவும் இல்லை, ஆகவே காகிதத்தில் என் முடிவு சுலபமானது. ஆனால் கோப்பை முடிந்த கையோடு வில்லாவும் அணித் தோழர் ஆர்டிலெஸும் லண்டனுக்கு, டாட்டன்ஹாம் கிளப்புக்குப் போனார்கள். 1981இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியின் மறு ஆட்டத்தில், மான்செஸ்டர் சிட்டியின் தற்காப்பு வீரர்களை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து போய் வில்லா அடித்த கோல் இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பதில் எழுதுங்கள். உலக சாம்பியன் அணியில் இல்லாத வில்லாவை லண்டனிலிருந்து யார் தேடி வந்திருப்பார்கள்? அந்த கோலையும் சேர்த்துத்தான் நான் நீக்குகிறேன். தெரிந்தேதான் சொல்கிறேன்.

உங்கள் பதிலில் துரோகம் என்ற சொல் வேண்டாம். நீங்கள் யாரை நீக்குவீர்கள் என்று எழுதுங்கள். நண்பனையும் எழுதச் சொல்லுங்கள். அதோடு அந்தப் பல்கலைக்கழகத் தேர்வைப் பற்றியும் எழுதுங்கள். பட்டியலைப் பார்த்தது எங்கே, யாராவது வந்து சொன்னார்களா, உங்களோடு பெயர் வராமல் திரும்பியவர்கள் யார் யார், அவர்களில் யாரோடாவது இப்போதும் தொடர்பு இருக்கிறதா? சுருக்கமாக வேண்டாம், விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்